டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் ஓர் உபகாரச் சம்பளமும்

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயின்றபொழுது பேச்சுப் போட்டி ஒன்றில் கலந்து கொண்டேன். சாதனைப் பெண்மணிகள் என்பது தலைப்பு. ஆசிரியை எழுதிக் கொடுத்த மூன்று பக்கப் பேச்சை மனப்பாடம் செய்து, குரலை ஏற்றி இறக்கி, கைகளை ஆட்டி ஒப்புவித்தேன். அதில் ஒரு பத்தி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைப் பற்றியது. முதல் பெண் மருத்துவர், முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர் என முதல், முதல் என்றே அப்பத்தி ஓடும். மூச்சு விடாமல் சொல்லி முடித்ததற்கு எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு பேச்சும் மறந்தது. அந்த அம்மையாரும் மறந்து போனார்.

அவரை மீண்டும் நினைக்க வைத்தது சிற்றுண்டிச்சாலையில் நடந்த ஓர் உரையாடல். என் அறைத்தோழி மருத்துவப் புலத்தில் நான்காம் ஆண்டு மாணவி. அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்பது அவளது ஆசை. அதை அவள் சொன்னபொழுது உடன் அமர்ந்திருந்த மூத்த மாணவர் ஒருவர் சிரித்தார். கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். இருப்பினும் அவர் சொன்ன கருத்து இதுதான்: அறுவை சிகிச்சைப் பயிற்சி பல ஆண்டுகள் பிடிக்கும், அதற்கு உபகாரச் சம்பளமும் இடமும் கொடுத்துப் பெண்ணை உருவாக்கினால், திருமணம், குழந்தை என்று வந்தவுடன் அவள் விலகி விடுவாள், போட்ட பணம் வீண். என் தோழி பதில் பேசவில்லை. மீதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பி விட்டாள். நான் கணக்கியல் மாணவி. இலாப நட்டம் பற்றிப் பேச எனக்குத்தான் தகுதி அதிகம். ஆனால், எனக்கும் பதில் தெரியவில்லை.

அன்றிரவு ஐந்தாம் ஆண்டில் மனப்பாடம் செய்த அந்தப் பத்தி நினைவுக்கு வந்தது. மறுநாள் நூலகத்தில் அவரது வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். பேச்சில் இடம்பெறாத ஒரு செய்தி அதில் இருந்தது. முத்துலட்சுமி அவர்கள் 1925ஆம் ஆண்டில், தமது 39ஆம் வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று ஆராய்ச்சிக்காக இலண்டன் சென்றார். அந்தப் பணம் வீணானதா என்பதைப் பார்ப்போம்.

முதலில் என் பழைய பேச்சில் இருந்த பிழையைத் திருத்தி விடுகிறேன். முத்துலட்சுமி அவர்கள் இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் அல்லர். அவர் பிறந்த 1886ஆம் ஆண்டிலேயே ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று விட்டார். அதே ஆண்டு காதம்பினி கங்குலி கல்கத்தாவில் மருத்துவரானார். முதல்வர் என்று சொன்னால்தான் பெருமை என்று நாம் நினைக்கிறோம் போலும். அவருடைய பெருமைக்கு இந்தப் பட்டம் தேவையில்லை.

1886 ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். புதுக்கோட்டை அப்பொழுது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர்; மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்திற்காகத் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தனர். ஊரில் மதிப்பும் உண்டு, ஏச்சும் உண்டு என்ற நிலையில் வளர்ந்த பிள்ளை அவர்.

ஏறக்குறைய 13 வயதில் அவரது பள்ளிப்படிப்பு நின்றது. வயதுக்கு வந்த பெண் வெளியே செல்லக்கூடாது என்பது அக்கால வழக்கம். தாயார் மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். தந்தையோ வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்படியே படித்து மெட்ரிக்குலேஷன் தேர்விலும் முத்துலட்சுமி தேர்ச்சி பெற்றார். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் ஊரில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். அவர் விண்ணப்பித்தார். எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருத்தி வகுப்பில் அமர்ந்தால் மாணவர்கள் கெட்டுப் போவார்கள் என்றனர் சிலர். அவரது தாய்வழியைச் சுட்டிக்காட்டினர் வேறு சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார். உபகாரச் சம்பளமும் கொடுத்தார். மூடுவண்டியில் கல்லூரிக்குச் சென்று, திரை மறைவில் அமர்ந்து அவர் பாடம் கேட்டதாகச் சொல்வார்கள்.

ஆக, 1925ஆம் ஆண்டு உபகாரச் சம்பளம் அவருக்கு இரண்டாவது. முதலாவதை ஒரு மன்னர் கொடுத்தார். அதில் வந்த பணத்தைவிட, இந்தப் பெண் படிப்பது சமஸ்தானத்தின் விருப்பம் என்று ஊருக்கு அறிவித்ததே பெரிய உதவி என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் பணம் வைத்திருந்தாலும் அந்த வாசலைத் தனியாக யாரும் தாண்டியிருக்க முடியாது.

தந்தை அவரை ஆசிரியையாகப் பார்க்க விரும்பினார். மகளோ மருத்துவம் என்றார். 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி பெண்களுக்குப் புதிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் வேறு மூன்று பெண்களும் அங்குச் சேர்க்கப்பட்டனர். மேரி ஷார்லீப் பின்னர் இலண்டனில் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணரானார். 1882இல் வங்காளத்திலிருந்து அபலா தாஸ் என்ற மாணவி சென்னைக்கு வந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்காததால், வங்காள அரசு அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பியது. உடல்நலக் குறைவால் அவர் படிப்பை முடிக்காமல் திரும்பினார். பின்னாளில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியாகி, வங்காளத்தில் பெண் கல்விக்காகப் பல பள்ளிகளை நிறுவினார். நம் மூத்த மாணவர் அன்றைய கணக்கராக இருந்திருந்தால் அபலாவின் பெயருக்கு எதிரே நட்டம் என்று எழுதியிருப்பார். 1885இல் டஃபரின் சீமாட்டி தொடங்கிய நிதியம் வந்த பிறகே இந்தியாவில் மருத்துவம் படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை ஓரளவு ஒழுங்காகக் கிடைக்கலாயிற்று. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று பிரசவத்தில் பெண்கள் மாண்டுபோன காலக்கட்டம் அது. பெண் மருத்துவரை உருவாக்குவது சலுகையன்று. அவசரத் தேவையாக இருந்தது.

இந்தக் கல்லூரியில் முத்துலட்சுமி அவர்கள் சிறந்து விளங்கிய பாடங்களில் ஒன்று அறுவை சிகிச்சை. மாணவிகளைத் தம் வகுப்பில் சேர்க்க விரும்பாத ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர், அறுவை சிகிச்சைத் தேர்வில் அவர் எடுத்த மதிப்பெண்ணைக் கண்டு மனம் மாறினார் என்று கூறுவர். 1912ஆம் ஆண்டு பல தங்கப் பதக்கங்களோடும் பரிசுகளோடும் பட்டம் பெற்றார். அதன்பின் எழும்பூர் அரசு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியில் அமர்ந்தார்.

இவ்விடத்தில் ஒரு விளக்கம். ஹவுஸ் சர்ஜன் என்றவுடன் நான் பெரிய அறுவை சிகிச்சை நிபுணர் என்று எண்ணிக் கொண்டேன். என் தோழிதான் சிரித்துக்கொண்டே திருத்தினாள். நம் நாட்டில் ஹவுஸ்மேன் என்கிறோமே, அதைப் போன்ற பயிற்சிப் பதவிதான் அது. இரவு பகல் பாராமல் மருத்துவமனையிலேயே கிடக்கும் இளம் மருத்துவரின் வேலை. அறுவை சிகிச்சையில் அவ்வளவு சிறந்து விளங்கியவர் ஆண்களும் பெண்களும் வரும் பொது மருத்துவமனையின் அறுவைக் கூடத்திற்குப் போகாமல், பெண்களும் குழந்தைகளும் வரும் மருத்துவமனைக்குப் போனார். அன்று பெண் மருத்துவருக்குத் திறந்திருந்த கதவு அதுதான். பிரசவம் பார்க்கலாம், பெண்களுக்குரிய அறுவை சிகிச்சை செய்யலாம். அதற்கு அப்பால் யாரும் அழைக்கவில்லை. இதை அவருடைய வாழ்க்கையைக் கூறுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து விடுகிறார்கள். எனக்கு அது பெரிய செய்தியாகப் படுகிறது.

1914ஆம் ஆண்டு, 28ஆம் வயதில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். நீண்ட நாள் திருமணமே வேண்டாம் என்றிருந்தவர், தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று நிபந்தனை விதித்து, அவர் ஒப்புக்கொண்ட பிறகே சம்மதித்தார். 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்கீழ் மணம் நடந்தது. ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்ற இரு மகன்கள் பிறந்தனர். மருத்துவத் தொழிலும் நன்றாக நடந்தது. இந்த இடத்தில் அவருடைய கதை முடிந்திருந்தால் ஒரு வசதியான டாக்டர் அம்மாவின் கதையாக இருந்திருக்கும்.

அப்படி முடியாமல் செய்தது ஒரு மரணம். அவருடைய தங்கை ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. சீதபேதி என்று எண்ணி மருத்துவம் பார்த்தனர். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. அத்தங்கை இளம் வயதிலேயே, 1920களின் தொடக்கத்தில் இறந்தார். அக்காளும் மருத்துவர், அத்தானும் மருத்துவர். பதக்கங்கள் வீட்டில் இருக்கின்றன. இருந்தும் கண் முன்னே ஒரு பிள்ளை வலியில் துடித்துச் சாவதைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியிருந்தது. முத்துலட்சுமி அவர்களின் பிற்கால வாழ்க்கையைப் படிக்கும்போது இந்த ஒரு நிகழ்வை விட்டுவிட்டுப் படித்தால் எதுவும் விளங்காது.

இதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்த உபகாரச் சம்பளம் வந்தது. பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்து மேற்படிப்பும் ஆராய்ச்சியும் செய்வதற்காக 1925இல் இலண்டன் பயணமானார். நடத்தி வந்த நல்ல தொழிலை நிறுத்திவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. உபகாரச் சம்பளம் இல்லையென்றால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே. இங்கே கணக்கியல் மாணவியாக ஒன்றைச் சொல்கிறேன். தொழில் செய்யும் மருத்துவர் ஓராண்டு படிக்கப் போனால் படிப்புச் செலவு ஒரு பங்கு. அந்த ஓராண்டில் வராமல் போகும் வருமானம் இன்னொரு பங்கு. உபகாரச் சம்பளம் முதல் பங்கைத்தான் ஈடுகட்டும். இரண்டாவது பங்கை அவரே சுமந்தார்.

இலண்டன் அப்போது பெண் மருத்துவர்களைக் கைநீட்டி வரவேற்ற ஊர் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் ஒரு பெண் உறுப்பினர் தகுதியான எஃப்.ஆர்.சி.எஸ். பெற்றதே 1911ஆம் ஆண்டில்தான். அவர் எலினர் டேவிஸ்-காலி. முதலாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்க்களத்திற்குப் போய்விட்டதால் இலண்டன் மருத்துவக் கல்லூரிகள் பல பெண்களைச் சேர்த்துக் கொண்டன. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும், 1920களில் அவற்றுள் பல மீண்டும் கதவைச் சாத்திக் கொண்டன. அப்படிப்பட்ட நேரத்தில், அடிமை நாடொன்றிலிருந்து சேலை அணிந்த ஒரு பெண்மணி அரசு உபகாரச் சம்பளத்தோடு அங்கே போய் இறங்குகிறார்.

செல்சி பெண்கள் மருத்துவமனையில் அவர் பயின்றார். அதே வட்டாரத்தில், ஃபுல்ஹாம் சாலையில், புற்றுநோய்க்கென்றே தனியாக ஒரு மருத்துவமனை இருந்தது. அதன் வரலாறு சுவையானது. வில்லியம் மார்ஸ்டன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், தம் மனைவி புற்றுநோயால் இறந்த பிறகு, 1851ஆம் ஆண்டில் தொடங்கியது அது. ஏழைகளுக்கு இலவச மருத்துவம். நோயைப் பற்றிய ஆய்வும் மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் நடக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தங்கையைப் பறிகொடுத்த ஒருவர், மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் கட்டிய மருத்துவமனைக்குள் நுழைகிறார். மற்ற நோயாளிகளுக்கு இடையே ஒரு மூலையில் சாகக் கிடத்தப்படாமல், புற்றுநோயாளிகளுக்கென்றே கட்டில்களும் அறுவைக் கூடமும் கதிர்வீச்சு மருத்துவமும் அங்கு இருந்தன. சென்னையில் அப்படி ஓர் இடம் இல்லை. முத்துலட்சுமி அவர்கள் இலண்டனிலிருந்து கொண்டு வந்தவற்றுள் மிகப் பெரியது இந்தக் காட்சிதான்.

படிப்பு நாட்களின் இறுதியில், 1926இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்களின் பேராளராகக் கலந்து கொண்டார். பிறகு ஊர் திரும்பினார்.

திரும்பியவர் என்ன செய்தார்? ஆராய்ச்சியைத் தொடரவில்லை. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இல் வாக்குரிமை கிடைத்திருந்தது. சட்டமன்றத்தில் அமரும் உரிமை 1926இல் வந்தது. இந்திய மாதர் சங்கத்தினர் அவரைச் சட்டமன்றத்திற்குப் போகும்படி வற்புறுத்தினர். மருத்துவத் தொழில் கெடும் என்று தயங்கினார். இறுதியில் இசைந்தார். 1926ஆம் ஆண்டின் இறுதியில் நியமன உறுப்பினரானார். 1927இல் ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அரசாங்கம் ஒரு பெண் மருத்துவருக்கு ஆராய்ச்சிக்காகப் பணம் கொடுத்தது. அவர் ஓராண்டளவு படித்துவிட்டு வந்து, ஆராய்ச்சியை விட்டுவிட்டு அரசியலுக்குப் போய்விட்டார். சிற்றுண்டிச்சாலையில் கேட்ட குற்றச்சாட்டு இங்கே அப்படியே பொருந்துவது போல் தெரிகிறது. திருமணத்திற்குப் பதில் சட்டமன்றம், அவ்வளவுதான் வேறுபாடு. நூலகத்தில் இந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. அந்த மூத்த மாணவரிடம் காட்டுவதற்காகத் தேடி எடுத்த எடுத்துக்காட்டு அவருக்கே சாட்சி சொல்கிறதே என்று நினைத்தேன். 1926ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கணக்கை மூடினால் நட்டம்தான். மறுக்க முடியாது.

அடுத்த சில ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பலரும் எழுதியிருக்கிறார்கள். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொண்டு வந்தார். 1929இல் அதன் முதற்படியாக ஒரு சட்டத் திருத்தம் நிறைவேறியது. முழுமையான தடைச் சட்டம் 1947இல் வந்தது. எதிர்த்தவர்களில் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்களும் இருந்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்பது அவர்களது கவலை. அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை ஆகியவற்றுக்காகவும் மன்றத்தில் வாதாடினார். இங்கே அரசியல்வாதியின் குரலைக் காட்டிலும் மருத்துவரின் குரலே கேட்கிறது. 1930இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார். அதே காலத்தில், போக்கிடமின்றித் தம்மிடம் வந்த சில பெண்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

இதற்கிடையில் இலண்டனில் கண்ட காட்சி என்ன ஆயிற்று? 1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாக் கொண்டாடியது. பழைய மாணவி என்ற முறையில் பேச அழைக்கப்பட்ட அவர், தென்னாட்டில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை அந்த மேடையில் வைத்தார். இலண்டனிலிருந்து திரும்பி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசு அசையவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான்; சாகப் போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் பரவியிருந்த காலம். பம்பாயில் 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனை தொடங்கப்பட்டது. சென்னைக்கு ஒன்றும் வரவில்லை.

அவர் காத்திருக்கவில்லை என்று எழுதத்தான் கை வருகிறது. உண்மையில் அவர் காத்திருந்தார். போர் வந்தது, விடுதலை வந்தது, 1943இல் கணவரும் காலமானார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி மருத்துவம் படித்து, வெளிநாட்டில் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்தார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் வீடு வீடாக, ஊர் ஊராக நிதி திரட்டினார். சட்டமன்றத்தில் பழகிய முகங்களும் மாதர் சங்கத்தில் பழகிய கைகளும் இப்போது பயன்பட்டன. அரசியல் என்று நான் நட்டக் கணக்கில் எழுதியது இங்கே வரவாகத் திரும்பி வருகிறது. மருத்துவமனைக்குள்ளேயே இருந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய ஒருவரால் இந்த நிதியைத் திரட்டியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

1952இல் பிரதமர் ஜவகர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அவர் இலண்டன் சென்று 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. தங்கை இறந்து அதற்கும் மேல். அதே 1954ஆம் ஆண்டில்தான் ஃபுல்ஹாம் சாலை மருத்துவமனைக்கு அதன் நிறுவனர் நினைவாக ராயல் மார்ஸ்டன் என்று பெயர் சூட்டப்பட்டது. திட்டமிட்டு நடந்ததன்று; தற்செயல்தான். இருந்தாலும் குறித்து வைக்கத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாந்தா என்ற 28 வயது மருத்துவர் சென்னையில் இருந்தார். மகப்பேறு, பெண்கள் நோய்த் துறையில் மேற்பட்டம் பெற்றவர். சர் சி.வி. இராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசுப் பணித் தேர்வில் வெற்றி பெற்று, எழும்பூர் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் அவருக்கு வேலையும் கிடைத்திருந்தது. முத்துலட்சுமி அவர்கள் ஹவுஸ் சர்ஜனாகத் தொடங்கிய அதே எழும்பூர். மகப்பேறு மருத்துவராக அங்கே போவதுதான் அன்று ஒரு பெண் மருத்துவர் தேர்ந்தெடுக்கக்கூடிய பாதுகாப்பான வழி. பெரியவர்கள் அனைவரும் அதைத்தான் சொன்னார்கள். சாந்தா அந்த வேலையை விட்டுவிட்டு, 1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12 படுக்கை மருத்துவமனையில் வந்து சேர்ந்தார்.

1912இல் அறுவை சிகிச்சையில் சிறந்து விளங்கிய பெண்ணுக்கு எழும்பூர்க் கதவு ஒன்றே திறந்திருந்தது. 1955இல் இன்னொரு பெண், எழும்பூர்க் கதவு திறந்திருக்கும்போதே வேறு கதவு வழியாக நுழைய முடிந்தது. அந்த வேறு கதவைச் செய்து வைத்தவர் முதல் பெண்மணி. புற்றுநோய் அறுவைக் கூடத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியோடு தோளோடு தோள் நின்று சாந்தா பணியாற்றினார். திருமணம் செய்து கொள்ளவில்லை. மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தார். பின்னாளில் அதன் தலைவரானார். 2005இல் மகசேசே விருது பெற்றார். 2021 ஜனவரியில், 93ஆம் வயதில் மறையும்வரை அந்த இடத்தை விட்டு அவர் போகவில்லை. அடையாறு புற்றுநோய்க் கழகம் சிகிச்சையோடு ஆராய்ச்சியும் மேற்படிப்பும் நடத்தும் நிறுவனமாக வளர்ந்தது. 1925இல் ஒரு பெண் ஆராய்ச்சி செய்யக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. அடையாற்றில் அந்த ஆராய்ச்சிக்கு ஓர் இடம் உண்டாயிற்று.

முத்துலட்சுமி அவர்களுக்கு 1956இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது வழங்கியது. 1968 ஜூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார். 82ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருந்தன. தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கான அரசு நிதியுதவித் திட்டம் அவர் பெயரால் நடத்தப்பட்டு வருகிறது.

இனிக் கணக்கு. ஒரு நிதியாண்டில் செய்த செலவின் பலன் பல ஆண்டுகளுக்கு வருமானால் அதை அந்த ஆண்டின் செலவாக எழுதக்கூடாது, சொத்தாக எழுத வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பருவத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம். அந்த மூத்த மாணவருக்கு இந்தப் பாடம் இல்லை; மருத்துவப் புலத்தில் கணக்கியல் இல்லையே. 1925ஆம் ஆண்டு உபகாரச் சம்பளத்தை யார் எந்தப் பேரேட்டில் எப்படி எழுதினார்களோ, அதன் பலன் அந்தப் பேரேடு மட்கிப் போன பிறகும் வந்து கொண்டிருக்கிறது.

ஆனால், ஒன்று மனத்தை உறுத்துகிறது. 29 ஆண்டுகள் காத்திருந்து மருத்துவமனை கட்டினால்தான் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த உபகாரச் சம்பளம் வீணாகவில்லை என்று ஒப்புக் கொள்வோமா? அரசு உதவியில் வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பி, சொந்தக் கிளினிக் வைத்துப் பணம் சம்பாதித்த ஆண்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்டதாக நான் படித்ததில்லை.

இக்கட்டுரையின் முதல் படியை என் தோழியிடம் கொடுத்தேன். ஹவுஸ் சர்ஜன் பற்றிய பிழையைத் திருத்தினாள். மலக்குடல் புற்றுநோயை விரலால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம், சீதபேதி என்று விட்டுவிட்டார்களே என்று வருத்தப்பட்டாள். மூத்த மாணவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவளுக்கு அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி தொடங்குகிறது. காலை ஆறு மணிக்கே வார்டில் இருக்க வேண்டுமாம். அலாரத்தை இப்போதே மாற்றி வைத்துவிட்டாள். தினமும் ஐந்து மணிக்கு நானும் எழுந்து கொள்கிறேன்.